சிறுநீரகம் செயலிழந்த அகதி: விண்ணப்பதாரரா, பதிவு பெற்ற நோயாளியா?

அகதிகளுக்கான மருத்துவ ஏற்பாடுகள் தொற்றுநோய், பிரசவம், போர்க்காயம் ஆகியவற்றை மனத்தில் கொண்டு உருவானவை. மூன்றுக்கும் ஒரு முடிவு உண்டு. செலவுக் கணக்கையும் ஒருநாள் மூடிவிடலாம். சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டவரின் கணக்கு அப்படி முடிவதில்லை. வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அவர் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஒரு முறைக்கே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் தேவை. ஊசி ஏற்றுவதற்கு முன் எடை பார்ப்பார்கள்; சென்ற முறையைவிடக் கூடியிருக்கும் ஒவ்வொரு கிலோவும் உடலில் தங்கிவிட்ட ஒரு லிட்டர் நீர். இரண்டு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுக்க முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகவும் கூடும். எல்லை கடந்து ஓடிவரும் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்குப் பெரும்பாலும் சில நாட்கள்தான் அவகாசம்.

இத்தகைய நோயாளியை நிதியுதவி கேட்கும் தனிநபராகக் கருதி, தகுதி பார்த்து, ஏற்கவோ மறுக்கவோ செய்வதே இன்று பல நாடுகளின் நடைமுறை. இது அறத்தின்படியும் பொருளாதாரத்தின்படியும் தவறு என்பது என் வாதம். அடைக்கலம் தந்த நாட்டின் டயாலிசிஸ் பதிவேட்டிலும் பொதுக் காப்பீட்டிலும் அவரைச் சேர்ப்பதே சரியான வழி. அதற்கான பணத்தைப் பன்னாட்டுச் சமூகம் அந்நாட்டுக்குத் தர வேண்டும்.

தகுதி பார்க்கும் குழுவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையின் ரத்தக்குழாய்களில் நிலையாகப் பொருத்திவைக்கும் டெஃப்லான் குழாயைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் ஒரே நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்வது இயன்றது. ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாரை ஏற்பது என்று தீர்மானிக்கப் பெயர் வெளியிடப்படாத எழுவர் குழு ஒன்று அமைந்தது. வருமானம், மணவாழ்க்கை, பிள்ளைகளின் எண்ணிக்கை, தேவாலயத்துக்குப் போகும் பழக்கம் வரை அங்கே எடைபோடப்பட்டன. 1962 நவம்பரில் ‘லைஃப்’ இதழ் இதை வெளியிட்டதும் பெரும் விவாதம் எழுந்தது. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறுநீரகம் செயலிழந்தோரில் பெரும்பாலாரை, வயது பாராமல், மெடிகேர் என்னும் பொதுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. தேர்வுமுறையைச் செம்மைப்படுத்தி இந்தச் சிக்கல் தீரவில்லை. செலவைப் பொதுவில் ஏற்றதால் தீர்ந்தது.

அகதிகள் விஷயத்தில் நாம் இன்னும் 1962இல் நிற்கிறோம். ஐ.நா. அகதிகள் ஆணையம் செலவு மிகுந்த சிகிச்சைகளைத் தீர்மானிக்கச் சிறப்புச் சிகிச்சைக் குழுக்களை வைத்திருக்கிறது. நோய் குணமாகும் வாய்ப்பு, செலவு ஆகியவையே அவற்றின் முதன்மை அளவுகோல்கள். ஜோர்தானில் 2010 முதல் 2012 வரை அக்குழு 1,989 விண்ணப்பங்களைப் பரிசீலித்தது. புற்றுநோய்க்கான 511இல் 246 மட்டுமே ஏற்கப்பட்டன. மறுப்புக்கு முதன்மைக் காரணம் பிழைக்கும் வாய்ப்புக் குறைவு. இந்த அளவுகோலைச் சிறுநீரக நோயாளிக்குப் பொருத்திப் பாருங்கள். டயாலிசிஸ் குணப்படுத்தாது, உயிரைத் தொடரச் செய்யும். அந்தத் தொடர்ச்சியே செலவு. நன்றாகப் பிழைத்திருப்பவரே குழுவுக்கு அதிகச் சுமையாகத் தெரிவார். குழுவில் அமர்ந்திருப்பவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். நன்கொடையாக, பெரும்பாலும் ஆண்டுக்காண்டு வரும் நிதியை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் தொடரும் வாக்குறுதியை எப்படித் தர முடியும்?

சிரியப் போரில் இந்தக் குறை வெளிச்சமாயிற்று. லெபனானில் ஆணையத்தின் திட்டம் பிரசவத்துக்கும் உயிர்காக்கும் அவசரச் சிகிச்சைக்கும் பெரும்பகுதிச் செலவை ஏற்றது. நெடுநாள் டயாலிசிஸ் அதற்கு வெளியே நின்றது. ஜோர்தான் அரசு மருத்துவமனைகளில் சிரியர்களுக்குத் தந்துவந்த இலவசச் சிகிச்சையை 2014 நவம்பரில் நிறுத்தி, காப்பீடில்லாத ஜோர்தானியரின் கட்டணத்தை விதித்தது. 2018இல் அது வெளிநாட்டவர் கட்டணத்தில் 80 சதவீதமாக உயர்ந்தது. கொடை நாடுகள் பணம் தந்தபின் 2019இல் பழைய நிலைக்கு இறங்கியது. ஐந்தாண்டுகளில் மூன்று முறை விதி மாறியது. மாதம் பன்னிரண்டு முறை மருத்துவமனை ஏற வேண்டியவர் எதை நம்பித் திட்டமிடுவார்?

உள்ளூர் நோயாளிக்கே இயந்திரம் போதாத நாட்டில் அகதிக்கு எங்கிருந்து தருவது என்ற எதிர்வாதம் கனமானது. ஆனால் மறுப்பதால் பணம் மிச்சமாகிறது என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆவணமற்ற குடியேறிகள் தொடர்பாக அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் அதை உடைக்கின்றன. ஆய்வுக் காலத்தில் ஹூஸ்டன், டென்வர் நகரங்களில் உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால்தான் அவர்களுக்கு டயாலிசிஸ் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் மற்றவர்களைப் போல முறைப்படி. அவசர நிலையில் மட்டும் பெற்றவர்களின் ஐந்தாண்டு இறப்பு அபாயம் 14 மடங்குக்கும் அதிகம் என்று 2018இல் வெளியான ஒப்பாய்வு காட்டியது. அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை, மீண்டும் மீண்டும் அனுமதி எனச் செலவும் ஏறியது; ஹூஸ்டனில் நடந்த முந்தைய ஆய்வொன்றில் அது முறையான டயாலிசிஸ் செலவைப்போல 3.7 மடங்கு. 2019இல், டென்வர் அடங்கிய கொலராடோ மாநிலம் அவர்களுக்கும் முறைப்படி டயாலிசிஸ் கிடைக்கும்படி விதியைத் திருத்தியது. நோயாளியைச் சாகும் தறுவாய்க்குத் தள்ளி, அதிகப் பணம் செலவழித்து மீட்டு, மறுபடி தள்ளுவதைச் சிக்கனம் என்று யார் சொல்வார்?

நான் முன்வைக்கும் வழிக்கு ஈரான் முன்னுதாரணம். 2015 முதல் அங்கே ‘அமாயெஷ்’ என்னும் அகதிப் பதிவு அட்டை பெற்ற ஆப்கானியர்கள் ‘சலாமத்’ என்னும் பொதுக் காப்பீட்டில் சேரலாம். பெரும்பாலோர் சந்தாவைத் தாமே கட்ட வேண்டும். நலிந்தவர்களுக்கும், சிறுநீரகச் செயலிழப்பு, சிறுநீரக மாற்று, தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற ‘சிறப்பு நோய்கள்’ உள்ளவர்களுக்கும் அகதிகள் ஆணையம் சந்தா செலுத்த ஏற்பாடானது. இங்கே ஆணையம் டயாலிசிஸுக்குப் பணம் கட்டுவதில்லை, சந்தாவுக்குக் கட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவரின் பெருஞ்செலவு இலட்சக்கணக்கானோரின் சிறு தொகைகளில் கரைகிறது. நோயாளி உள்ளூர்க்காரர் போகும் அதே பிரிவுக்குப் போகிறார். அங்கே சேரும் பணம் உள்ளூர்க்காரரின் இயந்திரத்தையும் பராமரிக்கிறது. குறையும் பெரியது. ஈரானிலுள்ள ஆப்கானியரில் அட்டையில்லாதவர்களே அதிகம். 2025இல் பெருந்தொகையானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். தங்கும் உரிமை பறிபோனால் காப்பீட்டுக்கு என்ன பொருள்?

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள், 2021இல் அரசு சொன்ன கணக்கில் சுமார் 58,000 பேர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பின்றிச் சேரலாம். அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாட்டில் ஒரு மாநிலம் செய்துள்ள இது சாதாரணமானதன்று. முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழும், அதே கணக்கில் சுமார் 34,000 பேருக்கும் அதே வாசல் திறக்க வேண்டும்.

ஆனால் டயாலிசிஸிலிருந்து விடுதலை தரும் உறுப்பு மாற்றில் இதே மனிதர் திடீரென்று வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் முதலில் இந்தியக் குடிமக்களுக்கே; வெளிநாட்டவர் வரிசையின் கடைசியில். உடன்பிறந்தவரே தர முன்வந்தாலும், 2014ஆம் ஆண்டின் உறுப்பு மாற்று விதிகளின்படி வெளிநாட்டவர்களுக்கிடையிலான உறவைச் சொந்த நாட்டின் தூதரக மூத்த அதிகாரி சான்றளிக்க வேண்டும். சிறுநீரக வணிகத்தைத் தடுக்க வந்த விதி இது; அந்த நோக்கம் முற்றிலும் நியாயமானது. எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தாரோ, அதன் தூதரகத்திலேயே ஒருவரை உறவுச் சான்று கேட்க வைப்பது அந்த நோக்கத்துக்குத் தேவையில்லாதது. முகாம் குடும்பப் பதிவேடு இருக்கிறது. வட்டாட்சியரிடம் ஆவணம் இருக்கிறது. மரபணுச் சோதனை எந்தக் கையெழுத்தையும்விட உறுதியாக ரத்த உறவை நிறுவும். அடைக்கலம் பெற்று வாழ்பவருக்குத் தூதரகச் சான்றுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரின் சான்றும் மரபணுச் சோதனை முடிவும் போதும் என்று மத்திய அரசு அந்த விதியில் ஒரு திருத்தம் செய்யலாம்.