நெடும்பலகையின் சரித்திரம்

சரித்திரம் என்றால் மன்னர் பட்டியலும் போர்க்களக் கணக்குமே என்று நம்மிற் பலர் எண்ணிவிட்டனர். பள்ளிக்கூடங்களில் நமக்குப் போதிக்கப்பட்டதும் பெரும்பாலும் அதுவேயாகும். ஆயின் ஒரு மரப்பலகைக்கும் சரித்திரம் உண்டு. அதைச் செதுக்கிய கைகளுக்கும் சரித்திரம் உண்டு. கடலலையின்மேல் மனிதன் நின்று சவாரி செய்யும் நெடும்பலகையின் வரலாற்றை ஆராய்ந்தால், உழைப்பாளியின் கையறிவு எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு அழிகிறது, எதனால் மீள்கிறது என்பது விளங்கும்.

பேராக்கில் வாழும் நமக்கு இவ்விளையாட்டுப் புதுமையாகத் தோன்றலாம். லுமுட்டிலும் பங்கோர்த் தீவிலும் நாம் காணும் கடல் பெரும்பாலும் அடங்கிய கடல். மேற்கே சுமத்ரா தீவு மதில்போல் கிடந்து, இந்துமாக் கடலின் பேரலைகளைத் தடுத்துவிடுகிறது. நம் முன்னோர் கப்பலேறிய சோழமண்டலக் கரையோ அத்தகையதன்று. அங்கே அலை கரையருகே எழும்பி மடிந்து உடையும். நாகப்பட்டினத்தில் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, பிரயாணிகள் படகிலேறி அலையைக் கடந்தே அவற்றை அடைந்தனர்.

அவ்வலையை நாள்தோறும் கடந்தவர் கட்டுமரக்காரர். தணக்கு முதலிய இலேசான மரங்களின் கட்டைகளை வாய்ச்சியால் செதுக்கி, முன்முனையை ஒடுக்கி மேல்நோக்கி வளையவிட்டு, கயிற்றாற் பிணைப்பது கட்டுமரம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர வைப்பர். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பிரயாண நூலில் இதனை வருணித்துள்ளார். ஆங்கில அகராதியிலும் இச்சொல் ஏறிவிட்டது. அலையின் சரிவில் இறங்குங்கால் முனை நீரிற் புதைந்தால் மரமும் மனிதனும் ஒருங்கே கவிழ்வர். முனையை வளைத்தது அதற்காகவே. ‘முனை புதையாதிருக்க என்ன செய்வது?’ என்னும் இவ்வினாவே நெடும்பலகையின் சரித்திரம் முழுவதிலும் தொடர்ந்து வருகின்றது.

பசிபிக் கடலின் ஹவாயித் தீவினரும் இவ்வினாவுக்கு விடை தேடினர். 1778இல் காப்டன் குக்கின் கப்பல்கள் அத்தீவுகளை அடைந்தன. மறு ஆண்டில் அவருடைய அதிகாரி ஜேம்ஸ் கிங், அத்தீவினர் பலகையில் அலைச் சவாரி செய்ததை வியந்து எழுதினார். அவர்களிடம் இருவகைப் பலகைகள் இருந்தன. ‘அலையா’ என்பது மெல்லிய குறும்பலகை. ‘ஓலோ’ என்பது 16 அடியும் அதற்கு மேலும் நீண்டது. ஓலோவுக்கு உகந்தது விலிவிலி மரம். அது நம் கல்யாண முருங்கையின் இனம்; இங்கே மலாய்க்காரர் டெடாப் என்றழைக்கும் மரத்திற்கு நெருங்கிய உறவு. கற்கோடரியாற் செதுக்கி, பவளக்கல்லால் தேய்த்து, மெருகேற்றி எண்ணெய் பூசுவர். செதுக்கியவன் தொழிலாளி, ஆயின் நெடிய ஓலோ பெரும்பாலும் தலைவர் குலத்தார்க்கே உரியதாயிற்று. பலகையிலும் மேல்குலம் கீழ்குலம் பார்த்தனர்! அலைக்கு மட்டும் அப்பேதம் தெரியாது. குலம் பாராமல் தலைவனையும் கவிழ்த்தது.

பின்னர் அக்கலையே அழியும் நிலை வந்தது. அயல்நாட்டு நோய்களால் மக்கள் மடிந்தனர். 1820இல் வந்த பாதிரிமார் அவ்விளையாட்டை ஒழுக்கக் கேடாகக் கருதினர். கரும்புத் தோட்டங்கள் பெருகின. தோட்டத்து மணி அடித்தபின் பொழுது யாருடையது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலைமேல் நின்றவர் மிகச் சிலரே, ஓலோ வழக்கொழிந்தது.

அதனை மீட்டது எது? ஹொனலூலுவில் பிஷப் பொருட்காட்சிச்சாலையில் பாக்கி என்னும் தலைவனுடைய பழம்பலகைகள் கிடந்தன. 1920களில் டாம் பிளேக் என்னும் அமெரிக்கர் அவற்றைச் செப்பனிட்டு, அவற்றைப் போலவே புதியன செய்தார். பாரத்தைக் குறைக்க உள்ளே வெறுமையாக்கினார். அவ்வமைப்பிற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். 1935இல் பலகையின் அடியில் மீன்துடுப்புப் போன்றதொரு தகட்டைப் பொருத்தினார். அதன்பின் பலகை பக்கவாட்டில் வழுக்காமல் நேரே சென்றது. ஒரு பழம்பொருளை எறியாமல் வைத்திருந்ததனால் விளைந்த பயன் இது.

இனி, பலகையின் மூக்கில் நிற்கும் வித்தையைக் காண்போம். ஓடும் பலகையின் நுனிக்கு நடந்து சென்று, பத்துக் கால்விரல்களும் முனைக்கு வெளியே தொங்க நிற்பதே இதன் உச்சம். நுனியில் மனிதன் நின்றும் பலகை ஏன் குப்புறக் கவிழவில்லை? ஊரில் ஏற்றம் இறைத்தோர் இதனை எளிதில் அறிவர். ஏற்றமரத்தின்மேல் ஒருவன் முன்னே நடந்தால் முன்பக்கம் தாழும். அதைத் தடுக்கப் பின்பக்கம் பாரம் வேண்டும். இங்கே அப்பாரத்தைத் தருவது அலையே. மடிந்து விழும் நீர் பலகையின் வால்மேற் பாய்ந்து அழுத்துகிறது. ஆகையால் மூக்கில் நிற்பதற்கான பலகையைச் செதுக்குவோன் முதலிற் கவனிப்பது வாலைத்தான். வால் அகன்றிருக்க வேண்டும். மேல்நோக்கிச் சற்றே வளைந்திருக்க வேண்டும். ஓரங்கள் கூராயின்றி உருண்டிருக்க வேண்டும். குழாய் நீரில் கரண்டியின் முதுகைக் காட்டினால் நீர் அதனைத் தன்பால் இழுப்பதைக் காணலாம். உருண்ட ஓரத்தையும் வளைந்த வாலையும் நீர் அவ்வாறே பற்றிக்கொள்ளும். மூக்கின் அடியில் ஆழமற்ற குழிவு அமைப்பர். அங்கே நீர் தங்கி நுனியைத் தாங்கும். நீளம் 9 அடிக்கு மேல். பாரமும் சற்று வேண்டும், இலேசானது நடைக்கு ஆடும். வேகமாகத் திரும்புவதற்கு இப்பலகை ஏற்றதன்று; நிலையாக நிற்பதற்கே ஏற்றது.

1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் மரத்திற்குப் பதிலாக நுரைப்பொருளை வார்த்து, இழைத்து, கண்ணாடி நாரும் பிசினும் போர்த்தும் முறை பரவிற்று. இழைப்பது எளிதானதால் வடிவச் சோதனைகளும் பெருகின. 1965இல் டாம் மோரி என்பவர் வென்சுராவில் நடத்திய பந்தயத்தில், மூக்கில் நின்ற நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து பரிசுப் பணம் அளித்தனர். ஆனால் அடுத்த ஆண்டே காற்று மாறியது. 1966இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியரான நாட் யங், மெல்லிய பலகையில் வேகமாகத் திரும்பி வெற்றி கண்டார். 1967 முதல் பலகைகள் குறுகின. சில ஆண்டுகளுக்குள் ஏழடிக்கும் தாழ்ந்தன. நெடும்பலகை பழம்பஞ்சாங்கமென இகழப்பட்டது. எனினும் அக்கைத்திறனை மறவாத தொழிலாளர் இருந்தனர். அதனால் பிற்காலத்தில் அது மீண்டும் தலையெடுத்தது.

நம் கட்டுமரத்தின் கதையும் இத்தகையதே. சோழமண்டலக் கரையில் கண்ணாடிநார்ப் படகுகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆயினும் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் பிள்ளைகள் இன்று பலகையேறி அலைச் சவாரி பயில்கின்றனர். 2013இல் அங்கே அலைச்சவாரி விழாவும் தொடங்கிற்று. யாரைத் தாழ்ந்தவரென ஊரார் ஒதுக்கிவைத்தனரோ, அவர்தம் மக்கள் பாட்டன் கடந்த அதே அலையில் பார்ப்போர் கைதட்ட நிற்கின்றனர்.

தோழர்களே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை இன்றும் காத்து வருகின்றனர், நன்று. ஆனால் அம்மரத்தின் சந்ததியைச் சீவி இந்நாட்டை வளர்த்த கையறிவை யார் காத்தார்? பட்டையைச் சரிந்த கோட்டில், உயிர்ப்படலத்திற் படாமல், ஒரு மில்லிமீட்டர் அளவே விட்டுச் சீவுதல், அலைப்பலகை இழைப்போனுடைய திறமைக்குச் சிறிதும் குறைந்ததன்று. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாயின, பல வீட்டுமனையாயின. செக்ரோலில் பெயரும் கூலியும் ஏறின, கைத்திறன் ஏறவில்லை. அதனை அறிந்த முதியோர் நாளுக்குநாள் குறைகின்றனர்.

பிளேக்குக்குப் பழம்பலகை கையில் கிடைத்தது. நம் பேரப்பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கப்போகிறது? வீட்டின் பரணில் சீவுகத்தி கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்கு எடைபோடாதீர்கள். அதன் வாயையும் வளைவையும் அளந்து குறியுங்கள். பிடித்த கையின் பெயரையும், அக்கை செய்த முறையையும் எழுதி வையுங்கள். மன்னர் சரித்திரத்தை எழுதப் பலர் உளர்; இதை நாமே எழுதவேண்டும்.