ஜாவாஸ்கிரிப்டில் வரிசை வந்த வழி

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட், ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் மொழியாகும். உலாவியில் பயனரின் சொடுக்கைக் கவனிப்பதும் நிரலை இயக்குவதும் ஒரே இழையில் நடந்ததால், நெடுநேரம் பிடிக்கும் பணிக்காக நிரல் நின்று காத்திருந்தால் பக்கமே உறைந்துவிடும். எனவே பணியைத் தொடங்கி, அது முடிந்ததும் அழைக்கப்பட வேண்டிய செயற்கூற்றை, அதாவது கால்பேக்கை, ஒப்படைத்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும் ஒத்திசைவற்ற முறை வேரூன்றியது.

இதனால் பலியானது வரிசை. அடுத்தடுத்துத் தொடங்கிய மூன்று பணிகளில் எது முதலில் முடியும் என்பதற்கு உறுதியில்லாமல் போயிற்று. 2009இல் ரையன் டால் நோட்.ஜேஎஸ்ஸை வெளியிட்டு, கோப்பு வாசிப்பையும் தரவுத்தள வினவலையும் இதே முறைக்குள் கொண்டுவந்தபோது சிக்கல் பெருகியது. கால்பேக்குக்குள் கால்பேக்காக எழுதப்பட்ட நிரல்கள் வலப்புறம் சரிந்துகொண்டே போயின. பணிகளின் எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாத இடங்களில், அவற்றை ஓர் அணியில் அடுக்கி, ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுத்து இயக்கும் செயற்கூற்றை நிரலாளர்கள் கைப்பட எழுதினர்.

பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரிராவும் 1988இலேயே, பரவல் கணினி அமைப்புகளுக்காக, பின்னர் கிடைக்கவிருக்கும் விடைக்கு முன்கூட்டியே இடம்பிடித்து வைக்கும் பிராமிஸ் என்ற கருத்தை விரித்துரைத்திருந்தனர். அதன் நெருங்கிய வடிவம் 2015இல் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில் இடம்பெற்றது. விடை வந்தபின் செய்ய வேண்டியதை இணைக்கும் ‘தென்’ அழைப்பு ஒவ்வொன்றும் புதியதொரு பிராமிஸைத் தருவதால், கடைசி பிராமிஸை மட்டும் ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, வந்து சேரும் பணியை அதன் வாலில் இணைத்தாலே வரிசை அமைந்துவிடுகிறது; இத்தனை எளிய வழி தரநிலைக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன என்பது வியப்புக்குரியதே.

ஆயினும் ஒரு நுட்பம் பலரை இடறச் செய்தது. பிராமிஸைத் தரும் செயற்கூறு அழைக்கப்பட்ட கணத்திலேயே பணி தொடங்கிவிடுகிறது. ஆகவே வரிசையில் வைக்க வேண்டியது பிராமிஸை அன்று, இன்னும் அழைக்கப்படாத செயற்கூற்றையே. பணியொன்று தோல்வியுற்று அது கவனிக்கப்படாவிடில், பின்னுள்ளவையும் இயங்காமல் தோல்வியிலேயே முடிகின்றன. இதனால் பணியை இட்டவருக்குப் பிழையைத் தெரிவித்துவிட்டு வாலில் மட்டும் அதை விழுங்கிக்கொள்ளும் பழக்கம் ஏற்பட்டது.

பணி முடியும்வரை செயற்கூற்றை நிறுத்திவைக்க உதவும், சி ஷார்ப் மொழியில் 2012இல் வந்த அசிங்க், அவெயிட் சொற்கள் 2017இல் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலைக்கும் வந்தபின், முன்னமே தெரிந்த பட்டியலை வரிசையாக இயக்கச் சாதாரண ஃபார் மடக்கே போதுமானதாயிற்று. அணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு செயற்கூற்றை அழைக்கும் ஃபார்ஈச் மட்டும் இன்றும் எதற்கும் காத்திராமல் எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கிவிடுகிறது. பணிகள் எதிர்பாராத நேரங்களில் வந்து சேரும் இடங்களிலோ பழைய வால் முறையே இன்னும் கைகொடுக்கிறது.