தற்காலிகப் பாதுகாப்பை முடிக்கும் அதிகாரம்: ஓர் அமெரிக்கச் சட்டப் பிரிவின் வரலாறு

1980களில் எல் சால்வடாரின் உள்நாட்டுப் போருக்குத் தப்பிப் பெருந்திரளான மக்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். இப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்க அரசிடம் ஒரு வழக்கம் இருந்தது. சட்டத்தில் எங்கும் எழுதப்படாத, அட்டர்னி ஜெனரலின் விருப்பத்தை மட்டுமே சார்ந்த சலுகை அது. எத்தியோப்பியர்களுக்கும் ஆப்கானியர்களுக்கும் கிடைத்தது. 1981இல் ராணுவச் சட்டம் வந்த பிறகு போலந்துக்காரர்களுக்கும் கிடைத்தது. வாஷிங்டன் தாங்கிப் பிடித்த ஓர் அரசின் கீழிருந்து தப்பி வந்த சால்வடாரியர்களுக்கு மட்டும் மறுக்கப்பட்டது. வாஷிங்டன் நகர ஓட்டல், உணவகத் தொழிலாளர் சங்கத்தின் 25ஆம் கிளை இதை எதிர்த்து வழக்குப் போட்டது. இது நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது, தான் தலையிட முடியாது என்று 1984இல் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

இந்த ஏமாற்றத்துக்கு விடையாகத்தான் 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் ‘தற்காலிகப் பாதுகாப்பு நிலை’ (டி.பி.எஸ்.) இடம்பெற்றது. காங்கிரஸ் உறுப்பினர் ஜோ மோக்லியும் செனட்டர் டென்னிஸ் டிகான்சினியும் பல ஆண்டுகள் இதற்காகப் போராடினார்கள். போர், இயற்கைப் பேரிடர், அசாதாரணமான தற்காலிகச் சூழல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால், ஒரு நாட்டை 6 முதல் 18 மாதங்களுக்கு இப்பாதுகாப்புக்கு உரியதாக நிர்வாகம் அறிவிக்கலாம். அந்நாட்டவர்களில் தகுதியுள்ளோருக்கு அக்காலம் முழுதும் நாடுகடத்தல் இல்லை. வேலை அனுமதியும் உண்டு. கெடு முடிய 60 நாள் இருக்கும்போதே அந்நாட்டின் நிலையை ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கத் தவறினால் பாதுகாப்பு தானாகவே 6 மாதம் நீளும். சால்வடாரியர்களுக்கு நிர்வாகம் மனமிரங்கும்வரை காத்திராமல், அந்நாட்டின் பெயரைக் காங்கிரஸ் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

நிர்வாகத்தின் கருணையாக இருந்ததை நெறிமுறையாக மாற்றியதே இச்சட்டத்தின் சாதனை. ஆனால் அதே பிரிவில், ஒரு நாட்டை அறிவிப்பது, நீட்டிப்பது, முடிப்பது பற்றிய தீர்மானத்தை எந்த நீதிமன்றமும் மறுஆய்வு செய்யக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது. பிற்கால வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடந்தன.

தொடக்கத்தில் முடித்துவைப்புகள் பெரிய வழக்குகளுக்கு இடம்தரவில்லை. அவற்றுள் மான்செராட் தீவின் கதை என்னை இன்றும் வருத்துகிறது. எரிமலைச் சீற்றத்தால் 1997இல் பாதுகாப்புப் பெற்ற அத்தீவினருக்கு 2004இல் அது முடிவுக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. எரிமலை அடங்கியதல்ல காரணம். அது இப்போதைக்கு அடங்காது, எனவே அந்த நிலைமையைத் தற்காலிகமானது என்று சொல்ல முடியாது என்பதே அரசு தந்த விளக்கம்.

2017, 2018இல் சூடான், நிகராகுவா, ஹைத்தி, எல் சால்வடார், நேபாளம், ஹோண்டுராஸ் என்று ஆறு நாடுகளின் பாதுகாப்பை டிரம்ப் நிர்வாகம் அடுத்தடுத்து முடித்தபோது நிலைமை மாறியது. எல் சால்வடாருக்கு 2001 பூகம்பங்களுக்குப் பின்னும், ஹோண்டுராஸ், நிகராகுவாவுக்கு மிட்ச் புயலையொட்டி 1999இலும் தந்த பாதுகாப்பு அது. பயனாளிகள் பலர் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் ஆகியிருந்தார்கள். தனித்தனித் தீர்மானத்தை மறுஆய்வு செய்யத் தடை இருந்தாலும், முடிவெடுக்கும் நடைமுறையைக் கேள்வி கேட்கலாம் என்று ஹைத்தி அகதிகள் மையம் தொடர்பான 1991 வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியை மனுதாரர்கள் பற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் தொடுத்த ராமோஸ் வழக்கில் வெளிவந்த ஆவணங்களில் ஒன்று சூடான் பற்றிய உள்குறிப்பைப் பற்றியது. அக்குறிப்பின் பெரும்பகுதி நீட்டிப்புக்கே வாதாடியது. பரிந்துரை மட்டும் முடித்துவிடச் சொன்னது. எழுதிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து மண்டையில் அடித்துத் தள்ளிவிட்டு இன்னொருவர் எழுதி முடித்தாற்போல் இருக்கிறது என்று குடியுரிமை, குடிவரவுத் துறையின் இயக்குநர் பிரான்சிஸ் சிஸ்னாவே மின்னஞ்சலில் குறிப்பிட்டிருந்தார். முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 2018 அக்டோபர் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ நீதிபதி எட்வர்ட் சென், சூடான், நிகராகுவா, ஹைத்தி, எல் சால்வடார் ஆகிய நான்கு நாடுகளுக்கும் இடைக்காலத் தடை வழங்கினார். 2020இல் மேல்முறையீட்டு அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் புரட்டியது. பிறகு ஆட்சி மாறியது. 2023 ஜூனில் எல் சால்வடார், ஹோண்டுராஸ், நேபாளம், நிகராகுவா பற்றிய பழைய முடிவுகள் திரும்பப் பெறப்பட்டன.

டிரம்ப் மீண்டும் ஆட்சிக்கு வந்த 2025இல் எழுந்த கேள்வி புதியது. முந்தைய நிர்வாகம் வெனிசுலாவுக்குத் தந்த நீட்டிப்பைப் பதவியேற்ற சில நாட்களிலேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் கிறிஸ்டி நோம் ரத்து செய்தார். முடிப்பதற்குச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. கொடுத்த நீட்டிப்பை இடையில் ரத்து செய்ய அது எங்கும் அதிகாரம் தரவில்லை என்பது மனுதாரர் வாதம். அதை ஏற்று நீதிபதி சென் மார்ச் 31 அன்று அந்த ரத்தை நிறுத்திவைத்தார். ஹைத்தி பற்றிய இதேபோன்ற வழக்கில், ஏற்கெனவே குறித்த காலத்தைக் குறைக்க முடியாது என்று நியூயார்க் நீதிபதி பிரயன் கோகன் ஜூலை 1 அன்று தீர்ப்பளித்தார். வாசகத்தை வாசகமாகப் படித்தால் வேறு பொருள் கொள்ள இடமில்லை என்றே நானும் கருதுகிறேன்.

ஆனால் மே 19 அன்றே சென்னின் உத்தரவை உச்ச நீதிமன்றம் காரணம் சொல்லாமல் நிறுத்திவைத்திருந்தது. சுமார் 3,50,000 வெனிசுலாவினரின் பாதுகாப்பு அத்துடன் ஊசலாடியது. செப்டம்பர் 5 அன்று சென் இறுதித் தீர்ப்பே வழங்கினார். அதையும் அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நீதிபதி கேட்டன்ஜி பிரௌன் ஜாக்சன் கடுமையாக மறுத்து எழுதினார். கீழ் நீதிமன்றத்தில் வென்ற மனுதாரர்கள், மேல்முறையீடு முடியும்வரை வேலை அனுமதியும் நாடுகடத்தலிலிருந்து காப்பும் இல்லாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று.