ஆடுசதையைக் குறைக்கும் கத்தியின் பூர்வீகம்

எலும்பு முறிந்தவரையோ குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவரையோ ‘தேறிவிட்டார்’ என்று சொன்னால், போன வலு திரும்பிவிட்டது என்று புரிந்துகொள்கிறோம். அழகுக்காக ஆடுசதையைக் குறைத்துக்கொண்டவரின் நிலைமை வேறு. அவருடைய கெண்டைக்கால் தசைக்குப் போகும் நரம்புக் கிளையை வெட்டியிருக்கிறார்கள். அது மறுபடி வளர்ந்து தசையைத் தொட்டுவிட்டால் சதை மீண்டும் திரளும். சிகிச்சை தோற்றதாகவே கணக்கு. காயம் ஆற வேண்டும், நடை திரும்ப வேண்டும், தசை மட்டும் திரும்பக் கூடாது. தென்கொரியாவிலும் தைவானிலும் வேரூன்றிய இந்தச் சிகிச்சையை சோல் நகரத்து அழகு மோகத்தின் விளைவு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. இந்தக் கத்திக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட பூர்வீகம் உண்டு. அது சரியாக நடக்க முடியாத குழந்தைகளுக்காகப் பிடிக்கப்பட்ட கத்தி. அழகுக் கலை அந்த வெட்டை எடுத்துக்கொண்டது. வெட்டுக்குப் பிறகான பராமரிப்பையும், பலனை அளக்கும் முறையையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெர்மனியின் எலும்பியல் மருத்துவர் அடால்ஃப் ஸ்டோஃபெல் 1910களின் தொடக்கத்தில் ஒரு நுட்பத்தை முன்வைத்தார். மூளை பாதிப்பால் கால் விறைத்துப்போன குழந்தைகளுக்கு ஆடுசதை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும். குழந்தை விரல் நுனியில் தத்தித் தத்தி நடக்கும். ஒரு பெரிய நரம்புக்குள் ஒவ்வொரு தசைக்கும் தனித்தனி இழைக்கற்றைகள் ஓடுகின்றன என்பதை உடற்கூற்று ஆய்வில் பார்த்திருந்த ஸ்டோஃபெல், மிதமிஞ்சி இழுக்கும் தசைக்குப் போகும் கற்றையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டினார். நோக்கம் தசையைச் சாகடிப்பதன்று. அதன் அளவுமீறிய இழுப்பைத் தணித்துக் குதிகாலைத் தரைக்குக் கொண்டுவருவது. ஜெர்மனியின் இன்னொரு மருத்துவர் ஆஸ்கர் வுல்பியஸ், ஆடுசதையின் சவ்வுப் பட்டையை வெட்டித் தசையை நீளவிடும் வழியைக் கையாண்டார். இருவரும் சேர்ந்து எழுதிய எலும்பியல் அறுவை நூல் 1913இல் ஸ்டுட்கார்ட்டில் வெளிவந்தது. இந்த இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது முக்கியம். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

அதே பத்தாண்டில் இளம்பிள்ளைவாதம் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்தது. அங்கே சிக்கல் நேரெதிர்: தசைகள் விறைப்பதற்குப் பதில் செத்துக்கொண்டிருந்தன. பாஸ்டனில் ராபர்ட் லவெட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும், ஒவ்வொரு தசையிலும் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்பதைக் கையாலேயே சோதித்துத் தரம் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். புவியீர்ப்பை எதிர்த்துத் தசை அசைகிறதா, கை கொடுக்கும் எதிர்ப்பையும் மீறி அசைகிறதா என்று படிப்படியாகப் பார்க்கும் முறை அது. இன்றைய பிசியோதெரபி வகுப்புகளில் கற்பிக்கப்படும் தசைச் சோதனைக்கு அதுவே மூலம். ஆடுசதைக்கு மட்டும் கை போதாது. உடலின் முழு எடையையும் தூக்கும் தசை அது. ஆகவே ஆளை ஒற்றைக் காலில் நிற்கவைத்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்கிறார்கள். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இடைவிடாமல் 25 முறை தூக்குவதை இயல்பான வலுவுக்கு அளவாக முன்வைத்தது. ஒரு கால் எதைச் செய்ய வல்லது என்பதை வைத்து அதன் நலத்தை அளந்த மரபு இது.

கொரியாவில் அளவை வேறு திசையில் போயிற்று. 1967ஐ ஒட்டிப் பாடகி யுன் பொக்-ஹீயின் பெயரோடு சேர்ந்து மினி ஸ்கர்ட் அங்கே பிரபலமானது. அதிபர் பார்க் சுங்-ஹீயின் ஆட்சி 1973இல் சிறு குற்றச் சட்டத்தைத் திருத்தி அதற்குத் தடை போட்டது. முழங்காலுக்கும் பாவாடை விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தெருவிலேயே அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள் காவலர்கள். அந்தக் கெடுபிடி ஓய்ந்தபின் கால் வெளியே தெரிவது சாதாரணமாயிற்று. மாணவிகளின் சீருடையும் பெரும்பாலும் பாவாடைதான். முழங்காலுக்குக் கீழே திரண்ட சதையை முள்ளங்கியோடு ஒப்பிட்டுக் கேலி செய்யும் வழக்கம் ஜப்பானிலும் கொரியாவிலும் உண்டு. கேலிக்கு ஆளானவர்களின் வேதனை நிஜமானது. அதை அற்பமென்று தள்ளுகிறவர்கள் பதின்பருவத்தை மறந்தவர்கள். ஆனால் அந்த வேதனைக்குக் கிடைத்த மருந்து எல்லாமே கடன் வாங்கியது. 1998இல் ஜெர்மன் மருத்துவர்கள் இருவர் அழகுக்காக ஆடுசதையை அறுத்தெடுத்த அனுபவத்தை எழுதினார்கள். நரம்புக் கிளையை வெட்டுவது ஸ்டோஃபெலின் வழி. போடாக்ஸ் ஊசியும் அப்படித்தான்: 1990களில் பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளின் விறைத்த ஆடுசதையில் போடப்பட்டு, 2000களின் தொடக்கத்தில் கொரியாவில் காலை ஒல்லியாக்கவும் போடப்பட்டது. தைவான் மருத்துவர்கள் 700 பேருக்குச் செய்த நரம்பு வெட்டைப் பற்றிய கட்டுரை 2008இல் வந்தபோது, இது விதிவிலக்கான சிகிச்சை என்று சொல்லும் காலம் போய்விட்டிருந்தது.

வெட்டு சிறியது. முழங்காலின் பின்மடிப்பில் சில சென்டிமீட்டர் திறந்து, மெல்லிய மின்தூண்டலால் எந்தக் கிளை எந்தத் தசையைத் துடிக்கவைக்கிறது என்று பார்த்து, அதைத் துண்டிக்கிறார்கள். ஆடுசதையின் மேலடுக்கான காஸ்ட்ராக்னீமியஸுக்கு உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு தலைகள். பெரும்பாலும் குறிவைக்கப்படுவது உட்புறத் தலை. இனி காலம் வேலை செய்யும். நரம்பிழந்த தசை சில மாதங்களில் சுருங்குகிறது. ஆனால் வெட்டுப்பட்ட நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரக்கூடியது. பக்கத்து இழைகளும் கிளைவிட்டு அநாதையான தசையைத் தேடிப் போகும். ஆகவே ஒரு துண்டையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அல்லது முனையைச் சுட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், விட்டுவைத்த வெளிப்புறத் தலையும் கீழடுக்கான சோலியஸும் கூடுதல் சுமையை ஏற்றுப் பெருக்கக்கூடும். இழந்ததை ஈடுகட்ட உடல் எடுக்கும் முயற்சி அத்தனையும் இங்கே பக்கவிளைவுப் பட்டியலில் சேர்கிறது. தசையையே அறுத்தெடுத்தவர்கள், ரேடியோ அலையால் சுட்டுக் குறைத்தவர்கள் பாடு இன்னும் கடினம். முதல் நாட்களில் குதிகாலை ஊன்றினால் வலி உயிர் போகும். எனவே விரல் நுனியில் நடக்கிறார்கள். வலிக்கு அஞ்சி அப்படியே விட்டுவிட்டால் உள்ளே வடு இறுகி, குதிகால் தரையைத் தொடாமலேயே போய்விடும் அபாயம் உண்டு. காலையும் மாலையும் சுவரில் கையூன்றி, பின்காலின் குதிகாலை அழுத்தி, வலியோடு நீட்டிவிட்டாக வேண்டும். அதையும் மீறி இறுகிவிட்டவர்களுக்கு மிஞ்சுவது, சவ்வுப் பட்டையை வெட்டித் தசையை நீளவிடும் வுல்பியஸ் வகை அறுவைதான். நூறாண்டுக்கு முன் எந்த நிலையிலிருந்து குழந்தைகளை மீட்கப் பாடுபட்டார்களோ, நல்ல கால்களோடு மருத்துவமனைக்குள் போனவர் அதே நிலையில் வந்து நிற்கிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, மேலடுக்கின் ஒரு பகுதி போனாலும் சோலியஸ் நடையைத் தாங்கிக்கொள்கிறது, பெரும்பாலோர் தொல்லையின்றி நடக்கிறார்கள் என்பது. உண்மைதான், நிற்பதற்கும் மெதுவாக நடப்பதற்கும் சோலியஸே பிரதானம். ஆனால் ஓடவும், தாவவும், மாடிப்படியில் உந்தி ஏறவும் மேலடுக்கு தேவைப்படுகிறது. நடக்க முடிகிறதா என்ற கேள்வி இந்தத் தசையைச் சோதிக்கப் போதாது என்பதை பாஸ்டனில் தொடங்கிய அந்த மரபு நமக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. இரண்டாவது, போடாக்ஸ் சில மாதங்களில் கலைந்துவிடுகிறது, அதில் என்ன கேடு என்பது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் அது மேல்தான். மனம் மாறியவருக்குத் தசை திரும்பக் கிடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்பவருக்கு அந்த ஆறுதல் குறைவு. மூன்றாவதே வலுவானது: வயது வந்தவர் தன் உடலைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள உரிமை உண்டு, பல்லுக்குக் கம்பி போடுகிறவரை யாரும் கேட்பதில்லை. அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. உரிமையைப் பயன்படுத்துகிறவர் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும். சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது என்ற எண் அவருக்குச் சொல்லப்படுகிறது. ஒற்றைக் காலில் நின்று முன்பு எத்தனை முறை குதிகாலைத் தூக்கினார், ஓராண்டுக்குப் பிறகு எத்தனை, பத்தாண்டுக்குப் பிறகு எத்தனை என்பதும் அதே தாளில் இருந்தால்தான் சம்மதம் என்ற சொல்லுக்கு எடை வரும். குழந்தைக்கு இந்த வெட்டைப் போட்டவர்கள், அது வளர்ந்து ஆளாகும்வரை காலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அழகுக்கு வந்தவரின் தொடர்பு பெரும்பாலும் தையல் பிரித்து, ‘சிகிச்சைக்குப் பின்’ படம் எடுத்ததோடு நின்றுவிடுகிறது.

காலம் இந்தக் கேள்வியை அவசரமாக்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் தென்கொரிய மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தோர் 20 சதவீதத்தைத் தாண்டினர். வயதானவர்களின் தசை இழப்பை முன்கூட்டியே கண்டறிய ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வகுத்த வழிகாட்டுதலில் முதல் படிக்கான வழிகளில் ஒன்று ஆடுசதையைச் சுற்றி டேப் வைப்பது: ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் மேற்சோதனை வேண்டும். இளமையில் எண் இறங்க வேண்டுமென்று டேப் சுற்றிய அதே இடம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதுகளில் இருந்தபோது நரம்பை வெட்டிக்கொண்டவர்கள் இப்போது ஐம்பதை நெருங்குகிறார்கள். எல்லோருக்கும் தசை கரையத் தொடங்கும் வயது அது; அவர்கள் அதைக் குறைந்த கையிருப்போடு சந்திக்கப்போகிறார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து, ஒற்றைக் காலில் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்கச் சொல்லி எண்ணும் வேலையைக் கொரிய, தைவான் மருத்துவ உலகம் இன்னும் பத்தாண்டு தள்ளிப்போட்டால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நடுவயதுக் கணக்கு நிரந்தரமாகக் கைநழுவிவிடும்.