தடுப்பூசி இருந்தது, ஆள் வரல... கோவளத்தில் நடந்தது என்ன?

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. சென்னையிலும், தாம்பரம் போன்ற தென்புறநகர்களிலும் ஆக்சிஜன் படுக்கைக்காக மக்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், ஈசிஆர் சாலையில் இருக்கும் கோவளம் மீனவர் கிராமத்திலோ தடுப்பூசி போட ஆளே வரவில்லை.

அப்போது வெளியான செய்திகளின்படி, அங்கு 18 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 6,400 பேர். இரண்டு மாதங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் வெறும் 58 பேர். 18 வயதினருக்கு மே 1-ல்தான் அனுமதி கிடைத்தது என்றாலும், இது ரொம்பவே குறைவு.

பயம் எங்கிருந்து வந்தது?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கோங்க என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ந்தேதி இறந்தார். தடுப்பூசி காரணமல்ல என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் உடனே சொன்னாலும், வாட்ஸ்அப் வதந்தி அதைவிட வேகமாகப் பரவியது. மத்திய நிபுணர் குழு விசாரித்து, தொடர்பில்லை என்று சொன்ன அறிக்கை வெளிவந்தது அக்டோபரில்தான். ஆறு மாதம்!

பிரியாணி மட்டும்தான் காரணமா?

கோவளத்தில் தன்னார்வ அமைப்புகள் களமிறங்கின. ஊசி போட்டால் பிரியாணி, மொபைல் ரீசார்ஜ். குலுக்கலில் தங்க நாணயம், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர். மூன்றே நாளில் 345 பேர் போட்டுக்கொண்டார்கள்.

இதைக் கிண்டலடித்தவர்களும் உண்டு. ஆனால் ஊசி போட்டால் செத்துப்போவோம் என்று நிஜமாகவே நம்புகிறவர், ஒரு பொட்டலத்துக்காகக் கையை நீட்ட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு நல்லாவே இருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

அரசு சொல்லும் கணக்கை நம்பலாமா?

இந்தச் சந்தேகம் முதல் அலையிலேயே எழுந்தது. சென்னையில் கொரோனா மரணங்கள் விடுபட்டதாகப் புகார் வர, அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. 2020 ஜூலை 22-ல், விடுபட்ட 444 மரணங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சங்கடமான எண்தான். மறைத்திருந்தால் அடுத்து வந்த எந்த எண்ணையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

177 நாடுகளை ஆராய்ந்து 2022-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. அரசு மீதும் சக மனிதர் மீதும் நம்பிக்கை அதிகமுள்ள நாடுகளில் தொற்று குறைவாக இருந்தது. பெருந்தொற்றுக்குத் தயார்நிலை என்று முன்பு போடப்பட்ட மதிப்பெண்களுக்கோ தொற்று அளவோடு பெரிய தொடர்பு தெரியவில்லை.

கோவளம் முகாம் நடந்து சில மாதங்களில், 2021 செப்டம்பர் 12-ல், தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் மெகா முகாம் நடந்தது. இலக்கு 20 லட்சம். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல்.