நட்சத்திரம் எந்தத் தெரு வரைக்கும் வந்தது?



மார்கழிக் குளிர் மலையிறங்கும்போது வருசநாட்டுப் பக்கம் காகித நட்சத்திரங்களும் வந்துவிடும். போன வருடம் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் பிள்ளைகள் குடில் கட்டினார்கள். பனிக்கு எங்கே போவது? கடமலைக்குண்டுப் பக்கத்து இலவம்பஞ்சைத்தான் பிய்த்துத் தூவினார்கள். அப்போது எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இது வெள்ளைக்காரங்க பண்டிகைன்னு எங்க வகுப்புல சொல்றாங்க. அப்ப நம்ம ஏன் கொண்டாடணும்?"

சின்னக் கேள்வி இல்லை அது. "அந்நிய மதம்" என்ற சொல் இன்று எந்த மேடையிலிருந்து நம் தெருவுக்கு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதி. இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற தேதி கிடைக்கும் பழைய ஆவணம், ரோமில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. 274இல் பேரரசன் அவுரேலியன் பெரிதாக வளர்த்த சூரியக் கடவுள் வழிபாட்டுக்குப் போட்டியாக இந்த நாள் எடுக்கப்பட்டது என்பது ஒரு கருத்து. மரியாள் கருவுற்ற நாள் மார்ச் 25 என்று கொண்டு அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது இன்னொரு கருத்து. இரண்டில் எது சரியென்றாலும், தேதியை வைத்தவர்கள் மனிதர்கள்தான்.

குடிலுக்கு வருவோம். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில், அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்து பிறப்பை ஊர் மக்களுக்குக் காட்டினார். வணிகர் வீட்டில் பிறந்து, சொத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். கடவுள் பிறந்த இடம் மாட்டுக்கொட்டில் என்பதை ஏழைகளுக்குக் கண்ணால் காட்ட விரும்பினார். பண்ணையார் வீட்டுக் கொட்டிலில் சாணி அள்ளி, அங்கேயே உண்டு உறங்கிய பாட்டன் பாட்டிகளின் பிள்ளைகள் நாம். இந்தக் காட்சிக்கு நமக்கு யாரும் விளக்கவுரை தரவேண்டியதில்லை.

மற்றவை எல்லாம் இதைவிடப் புதியவை. அலங்கார மரம் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பகுதிகளில் தொடங்கியது. 1848இல் விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்தபிறகு அது மற்றவர்களிடமும் வேகமாகப் பரவியது. வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில் அச்சானது. பல முனைகள் கொண்ட காகித நட்சத்திரம் 1830களில் ஜெர்மனியில் மொரேவிய சபையினரின் பள்ளியொன்றில் வடிவியல் பாடமாகப் பிள்ளைகள் செய்தது. கிறிஸ்மஸ் தாத்தாவின் மூலமோ இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ். அவருக்குத் தொப்பையும் வெள்ளைத் தாடியும் சேர்த்த பங்கு அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட்டுக்கு உண்டு. அவர் அதை வரையத் தொடங்கியது 1860களில்.

"வெள்ளைக்காரங்க பண்டிகை" என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிறிஸ்மஸைச் சட்டம் போட்டுத் தடுத்தவர்களும் வெள்ளைக்காரர்களே. பாஸ்டனைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். வேதத்தில் இல்லாத பண்டிகை என்பது அந்தத் தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் வாதம். அங்கே அது அரசு விடுமுறை ஆனதே 1856இல்தான். அதே பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கம்தான் யாழ்ப்பாணம் வழியாக 1834இல் மதுரைக்கு வந்து அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கியது.

இந்த மிஷனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பண்டிகையில் இல்லை, பந்தியில் இருக்கிறது. 1840களில் இவர்கள், திருவிருந்தில் பங்குபெற வேண்டுமானால் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். "அன்பின் விருந்து" என்று அதற்குப் பெயர். அதற்கு உடன்படாமல் வெளியேறியவர்கள் இருந்தார்கள். இயேசுவை ஏற்றுக்கொள்ள முடிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து சோறு உண்ண முடியவில்லை.

இந்தக் கதை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவி போல வாழ்ந்து மறைபரப்பினார். பின்னாளில் மற்றச் சாதியினருக்கெனப் 'பண்டாரசாமிகள்' என்று வேறு குருக்கள் வைக்கப்பட்டார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைத் திறந்தார். அங்கும் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பலர் சபையை விட்டே போனார்கள். பின்பு சாதி விஷயத்தில் வளைந்துகொடுத்த லைப்சிக் மிஷனில் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

அந்தச் சாதி வழக்கங்களுக்காக வாதாடி எழுதியவர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). பெத்லகேம் குறவஞ்சியை எழுதியவர், இன்றும் தமிழ்ச் சபைகள் பாடும் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றியவர். கிறிஸ்துவின் வருகைக்குக் குறி சொல்லக் குறத்தியை இலக்கியத்துக்குள் அழைத்துவந்தவரால், ஆலயப் பாயில் பறையரைப் பக்கத்தில் உட்காரவைக்க முடியவில்லை. அவருடைய தமிழ் பெரிது. அதனால் இந்த வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. பாட்டைப் பாடும்போது இதையும் சேர்த்தே நினைப்போம்.

இதெல்லாம் பழங்கதையா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதியால் பிரித்து எழுந்த சுவர் நம் காலத்துச் சாட்சி. உங்கள் ஊரில் கேரல் குழு எந்தத் தெருவில் தொடங்குகிறது, எந்தத் தெரு வாசலில் திரும்பிவிடுகிறது? தேர்ப்பவனியின் பாதை எது? வரியும் நன்கொடையும் யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் "வேண்டாம்" என்கிறார்கள்? பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அதுதான் நம் கைக்கு எட்டும் சமூகவியல்.

சபை செய்த பாகுபாட்டைச் சொல்லும்போது அரசு செய்ததை விட்டுவிடக் கூடாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதியார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். ஆலயத்தில் அவர் சாதி மறக்கப்படுவதில்லை, தாலுகா ஆபீசில் மட்டும் மறந்துபோகிறது. ஒரே வீட்டில் வாசலில் நட்சத்திரமும் பெட்டிக்குள் இந்து என்ற சான்றிதழும் இருந்தால், அந்தக் குடும்பத்தை ஏளனமாகப் பேசாதீர்கள். அந்த நிலைக்குத் தள்ளிய ஆணையைப் பேசுங்கள்.

கடைசியாக, டிசம்பர் 25 நமக்கு வேறு இரண்டு காரணங்களாலும் நம்முடைய நாள். வெள்ளையர் ஆட்சியில் கிறிஸ்மஸ் வாரம் நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறை. காங்கிரஸ் மாநாடுகள் பெரும்பாலும் அந்த வாரத்தில் கூடியது அதனால்தான். அதே வாரத்தில், 1927 டிசம்பர் 25 அன்று, மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. 1968இல் அதே நாள் இரவு, கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காகக் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அந்தப் பிள்ளையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பண்டிகை எந்த ஊரில் பிறந்தது என்பதைவிட அது எந்தத் தெரு வரைக்கும் வந்தது என்று பார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நட்சத்திரத்தை நம்ம தெரு முக்குலயே கட்டுவோம்க்கா" என்றாள். கட்டினோம்.

இந்த வருடமும் குடில் இருக்கும், அதே இலவம்பஞ்சுப் பனியோடு. பக்கத்தில் அண்ணல் படமும், வெண்மணிக்காக 44 மெழுகுவர்த்திகளும் இருக்கும். ஏற்றி முடித்தபிறகு எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முடிந்தவர்கள் வாருங்கள்.