டி செல்லுக்குள்ள ஜீனை அனுப்புறது ஏன் இவ்வளவு கஷ்டம்? வைரஸ் இல்லாம முடிஞ்சா கேன்சர் சிகிச்சை செலவு குறையுமா?

தர்மபுரி மாவட்டத்தில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், அடுத்த பயணம் பெரும்பாலும் சேலம், வேலூர் அல்லது பெங்களூருதான். கீமோதெரபி கொடுத்தும் நோய் திரும்பி வந்துவிட்டால், டாக்டர்கள் இப்போது ஒரு புதுப் பெயரைச் சொல்கிறார்கள்: கார் டி செல் சிகிச்சை. கூடவே சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். இந்தியாவிலேயே தயாராகும் 'நெக்ஸ்கார் 19' சிகிச்சைக்கு சுமார் 40 லட்சம் ரூபாய். வெளிநாட்டில் இதே வகை சிகிச்சைக்கு 3, 4 கோடி ஆகும். ஆனால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு உச்சவரம்பே 5 லட்சம்தான்.

ஏன் இந்த விலை? பல காரணம் இருக்கு. அதில் ஒன்று, நம் ரத்த அணுவுக்குள் ஒரு புது ஜீனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'வண்டி'.

கார் டி செல்னா என்ன?

நம் ரத்தத்தில் கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகைதான் டி செல். நோயாளியின் ரத்தத்தில் இருந்து இதைப் பிரித்தெடுத்து, லேபில் ஒரு ஜீனைச் சேர்க்கிறார்கள். அந்த ஜீன், புற்றுநோய் அணுவை அடையாளம் காணும் ஒரு கொக்கியை டி செல்லின் மேல் முளைக்க வைக்கும். பிறகு கோடிக்கணக்கில் பெருக்கி, அதே நோயாளிக்கு டிரிப்ஸ் மாதிரி ஏற்றுவார்கள். ஒருவருக்குத் தயாரித்ததை இன்னொருவருக்குப் போட முடியாது. ஒவ்வொரு முறையும் புதுசா செய்யணும்.

ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார் 19-க்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதை அறிமுகம் செய்தார்.

அந்த வண்டி ஒரு வைரஸ்

இதில் ஜீனைச் சுமந்து போவது லென்டிவைரஸ். எச்.ஐ.வி. இருக்கும் அதே குடும்பம்! பயப்பட வேண்டாம், நோய் உண்டாக்கும் பகுதிகளை எடுத்துவிட்டு, அணுவுக்குள் நுழையும் திறமையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியா 'ஏ' நோயாளிகள் 5 பேருக்குக் கொடுத்த ஜீன் சிகிச்சையிலும் லென்டிவைரஸ்தான் வண்டி. அங்கே ஜீனை ஏற்றியது டி செல்லில் அல்ல, ரத்தத்தின் ஸ்டெம் செல்லில். அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன.

வைரஸ் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதைத் தூய்மையாக வளர்த்து, வடிகட்டி, சோதித்து எடுக்க தனி ஆலையே வேண்டும். அது சுமக்கும் ஜீனின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. போதாததற்கு, நம் டி.என்.ஏ.வில் எங்கே போய் ஒட்டும் என்பது அதன் இஷ்டம்.

அப்போ ஜீனை நேராகவே உள்ளே விடலாமே?

அங்கேதான் சிக்கல். எல்லா அணுக்களும் ஒரே மாதிரி இல்லை. லேபில் வழக்கமாக வளர்க்கும் சில அணுக்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். டி செல் அப்படி இல்லை. அதன் வெளிச்சுவர் கொழுப்பால் ஆனது, ஜீனோ மின்னேற்றம் உள்ள பெரிய மூலக்கூறு. அதனால் தானாக உள்ளே போகாது. தள்ளிவிட்டாலும் உட்கரு வரை போய்ச் சேரணும். ஓய்வில் இருக்கும் டி செல் பிரியாததால் உட்கருவின் சுவர் மூடியே இருக்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி, இதன் தொழிலே காவல். அணுவின் உள்ளே, இருக்கக்கூடாத இடத்தில் டி.என்.ஏ. தென்பட்டால், 'கிருமி வந்துடுச்சு' என்று எச்சரிக்கை மணி அடிக்கும். சில நேரம் அணு தன்னையே அழித்துக்கொள்ளும். உதவி செய்ய வந்தவரையே திருடன் என்று பிடிக்கும் வாட்ச்மேன் மாதிரி. மேக்ரோஃபேஜ் என்ற அணு இன்னும் மோசம், உள்ளே வருவதை எல்லாம் ஜீரணித்துவிடும். என்.கே. செல்லோ வைரஸுக்கே எளிதில் மசியாது.

மின்சாரமும் கொழுப்பு உருண்டையும்

முதல் வழி, மின்னதிர்ச்சி. அணுக்களுக்கு மிகக் குறைந்த நேரம் மின்சாரம் பாய்ச்சினால், வெளிச்சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அந்த இடைவெளியில் ஜீன் உள்ளே போகும், பிறகு ஓட்டை மூடிக்கொள்ளும். எலி அணுக்களில் 1982-லேயே செய்து காட்டிவிட்டார்கள். மின்சாரம் கூடினால் அணு செத்துப்போகும், குறைந்தால் ஜீன் போகாது. இந்த அளவைப் பிடிப்பதுதான் கலையே.

2018-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழு ஒன்று, கிரிஸ்பர் கத்தரியையும் புது டி.என்.ஏ.வையும் சேர்த்தே மின்சாரத்தால் டி செல்லுக்குள் அனுப்பியது. ஜீன் வேண்டிய இடத்திலேயே போய் உட்கார்ந்தது, வைரஸே இல்லாமல். இந்தத் துறையில் பெரிய திருப்பம் இதுதான் என்று சொல்லலாம்.

இரண்டாவது வழி, நமக்குப் பழக்கமானது. ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ.வை மூடியிருந்த அதே கொழுப்பு நுண்துகள். ஒகேனக்கல் பரிசல் மாதிரி, சுமையைப் பத்திரமாக அக்கரை சேர்க்கும். எம்.ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் போகவே தேவையில்லை என்பது கூடுதல் லாபம். 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா விஞ்ஞானிகள், டி செல்லைத் தேடிப்போகும் துகள்களை எலிக்கு ஊசியாகப் போட்டு, உடலுக்குள்ளேயே கார் டி செல்லை உருவாக்கினார்கள். இது மனிதர்களில் சரிப்பட்டால், ஒவ்வொருவர் ரத்தத்தையும் எடுத்து லேபுக்கு அனுப்பும் வேலையே மிச்சம். ஆனால் எம்.ஆர்.என்.ஏ. சில நாளில் கரைந்துவிடும், கொக்கியும் போய்விடும்.

வைரஸ் இல்லைனா ஆபத்தும் இல்லையா?

அப்படி நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வைரஸுக்குப் பதில் 'பிக்கிபேக்' என்ற தாவும் டி.என்.ஏ. முறையில் கார் டி செல் கொடுத்த 10 பேரில் 2 பேருக்கு, அந்த செல்களே லிம்போமா புற்றுநோயாக மாறின. 2021-ல் வெளியான தகவல் இது. வைரஸ் முறையும் விதிவிலக்கல்ல. 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அங்கு அனுமதி பெற்ற கார் டி சிகிச்சைகளில் டி செல் புற்றுநோய் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

விலை தானாகக் குறையும் என்பதும் நிச்சயமில்லை. சிக்கில் செல் நோய்க்கான 'காஸ்கெவி' வைரஸ் இல்லாமல், மின்னதிர்ச்சி முறையில்தான் ஸ்டெம் செல்லை மாற்றுகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்! செல்லை எடுப்பது, லேபில் மாற்றுவது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது என மற்றச் செலவுகள் அப்படியே நிற்கின்றன. என் கணக்கில், பெரிய விலைச் சரிவு வர வேண்டுமென்றால் அது லேப் படியையே தாண்டிப்போகும் ஊசி முறையில் இருந்துதான் வரணும்.

இப்போதைக்கு யாராவது கார் டி பற்றிச் சொன்னால், ஆஸ்பத்திரியில் இதைக் கேளுங்கள்: சொன்ன தொகை செல் தயாரிப்புக்கு மட்டுமா, ஐ.சி.யூ. செலவும் சேர்த்தா? செல் ஏற்றிய பிறகு கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற பக்கவிளைவுகள் வரலாம் என்பதால், சில வாரம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். அரூர், பென்னாகரத்தில் இருந்து போகிறவர்கள் அந்த வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளணும்.